அத்தானின் தோளுக்குப் பின்னால்

அக்கா வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்கு மேலே, அந்தப் படம் பல வருடங்களாகத் தொங்கியது. அத்தான் ஒரு கற்குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வகுப்புக்குப் போகிறவர் போல முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு இடுப்புப் பட்டி கட்டியிருக்கிறார். சப்பாத்து முழுக்கச் சாம்பல் தூசி. தலைமயிர் காற்றில் ஒரு பக்கமாக எழும்பி நிற்கிறது. முகத்தில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் அது படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னதால் வந்த சிரிப்பு. இடது தோளுக்குப் பின்னால், காதுக்கு மேலாக, கறுப்பாக முக்கோணமாக ஒன்று வானத்துக்குள் ஏறி நிற்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அத்தானைத்தான் பார்த்தார்கள். அந்தக் கறுப்பு என்னவென்று யாரும் கேட்டதில்லை. அத்தானே விரலை வைத்துக் காட்டிய பிறகும் கேட்கவில்லை.

அத்தான் என் ஒரே அக்காவின் கணவர். ஊரில் புவியியல் வாத்தியாராக இருந்தவர். பனைக்கு மேல் உயரமான எதையும் கண்டிராத பிள்ளைகளுக்கு அல்ப்ஸ் மலையைக் கற்பித்தவர். எங்கள் குடாநாட்டில் மலை என்று பெயர் வைத்த இடத்துக்குப் போனால்கூடக் கடற்கரைக் கேணியில் முழுகிவிட்டுத்தான் திரும்பலாம், மலையைக் காண முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் அவர் ஒவ்வொரு வருடமும் வெள்ளைச் சோக்காலும் நீலச் சோக்காலும் கரும்பலகையில் ஒரு பனிச்சிகரத்தைக் கீறுவார். அடியில் காடு, அதற்கு மேல் மரம் முளைக்காத எல்லை, அதற்கும் மேல் உதிர்ந்த கல்லுச் சரிவு, பிறகு இரண்டு பக்கமும் பனிக்கட்டியாறுகள் அரித்து அரித்து நடுவில் மிஞ்சிய கத்தி போன்ற முகடு, முகட்டின் முடிவில் உச்சி. அந்த முகட்டை மட்டும் சோக்கை எடுக்காமல் ஒரே இழுவையில் கீறுவாராம். அவரிடம் படித்தவர்கள் ரொறன்ரோவில் ஒருவரை ஒருவர் கண்டால், முதலில் அந்த இழுவையைத்தான் விரலால் காற்றில் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை ரவுண்ஹவுஸ் ஒன்றில் இருந்தோம். அக்கா, அத்தான், அவர்களுடைய சின்ன மகன், நான். அத்தானும் நானும் ஒரே பக்டரியில் வேலை செய்தோம். தயிர்ப் பெட்டிகளுக்கு மூடி அடிக்கும் மெசின் கக்கித் தள்ளுவதை எடுத்து அடுக்கிப் பெட்டியில் போடுவது எங்கள் வேலை. அங்கே அவருடைய பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சேர்த்து ஒரு புதுப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார். சனி, ஞாயிறுகளில் கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் மட்டும்தான் அவர் மீண்டும் மாஸ்டர் ஆனார். யாராவது தூரத்தில் நின்று "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் அவருடைய முதுகு ஒரு அங்குலம் நிமிரும். மச்சாள் முறைக்கு நான் அதை வைத்துக் கேலி செய்திருக்கிறேன். அவரும் கோபிக்க மாட்டார்.

எல்லாம் ஒரு பிள்ளையின் பிறந்தநாளில் தொடங்கியது. கடை அண்ணை என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர் இருந்தார். ஸ்காபரோவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அத்தானிடம் படித்தவர். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாதவர். அன்றைக்கு ரோல்ஸ் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக அத்தானைக் கேட்டார்.

"மாஸ்டர், இவ்வளவு காலம் கீறினியளே, அந்த மலையை ஒருக்கால் எண்டாலும் நேரில பாத்தனீங்களோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அத்தானின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்டரியில் சின்னப் பெடியன் ஒருவன் அவருடைய பெட்டியைக் கொட்டித் திரும்ப அடுக்கச் சொன்ன நாளிலும் மாறாத முகம் அது.

"பாக்கிறதென்ன," என்றார். "ஏறிக் காட்டுறன்."

அதோடு விட்டிருக்கலாம். பிறந்தநாள் வீட்டில் சொன்னதை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் சொன்னவர் மாஸ்டர், கேட்டவர் கடை அண்ணை. அடுத்த கிழமை நான் வெண்டிக்காய் வாங்கப் போனபோது காசு வாங்கும் பெண் என்னிடம், உங்கடை அத்தான் எந்த மாதம் மலை ஏறுகிறார் என்று கேட்டாள்.

அத்தான் ஆயத்தம் செய்யத் தொடங்கினார். கல்கரியில் அவரிடம் படித்த தம்பி ஒருவர் குடும்பமாக இருந்தார். அவரிடம் கேட்டு, நகரத்துக்கு மேற்கே, பெருந்தெருவிலிருந்து அதிக தூரம் உள்ளே போகாத ஒரு சிகரத்தைத் தெரிந்தெடுத்தார். கயிறும் கொக்கியும் இல்லாமல், நடையாலும் கையாலும் ஏறக்கூடியது என்று நூலகத்துப் புத்தகம் சொன்னது. அதே நூலகத்தில் அதன் சமவுயரக்கோட்டு வரைபடத்தைப் பிரதி எடுத்து, துண்டுகளை ஒட்டிச் சமையலறை மேசையில் விரித்தார். அக்கா கறி இறக்கி வைக்க இடமில்லாமல் சட்டியோடு நின்று ஏசுவாள். தேத்தண்ணி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. பாதை தொடங்குவது வண்டிகள் நிறுத்தும் இடத்தில். காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறும். மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. கோடுகள் நெருங்கி நெருங்கி வரும் இந்த இடம்தான் கல்லுச் சரிவு, இங்கேதான் மூச்சு வாங்கும். ஆடியும் ஆவணியும்தான் தோது, அதற்கு முன்னும் பின்னும் மேலே பனி கிடக்கும். படுக்கை விரிப்பை நடுவில் பிடித்துத் தூக்கி, அதில் விழும் மடிப்பைக் காட்டி, முகடு என்றால் இதுதான் என்பார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, மேலே தேத்தண்ணிக்கடை இருக்குமோ என்று கேட்பார்கள். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போய்வந்தவர்கள் படிக்கட்டுக்கு மின்சார விளக்கு போட்டிருப்பார்கள்தானே என்று கேட்டார்கள்.

உடம்பைத் தேற்ற அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் தெருவுக்கு எதிரே நின்ற உயரமான வாடகைக் கட்டடத்தின் படிக்கட்டில், ஒரு அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி இறங்குவார். கட்டடக் காவல்காரர் இரண்டு தரம் மறித்து, எந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோகிறாய் என்று விசாரித்தார். நானும் கூட ஏறினேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அப்போது முப்பது வயதாகவில்லை. மூடி அடுக்கும் வேலையில் கை மட்டும்தான் ஓடும், கால் மரத்துப் போகும். படிக்கட்டில் ஏறும்போதுதான் எனக்குக் கால் இருப்பது தெரிந்தது. அக்காவுக்கு முழங்கால் வருத்தம், அவள் கல்கரி மட்டும் வருவாள் என்றும் மலைக்கு நான் துணை என்றும் முடிவானது.

ஒகஸ்டில் பக்டரி மூடும் விடுமுறையில் புறப்பட்டோம். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அத்தானும் நானும் மாறி மாறி வான் ஓட்டினோம். பெரிய வாவியின் வடகரை முடியவே எங்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தட்டை நிலம். ஊரைவிடத் தட்டை என்று அக்கா சொன்னாள். கல்கரித் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, முழுகிச் சாப்பிட்டு உட்கார்ந்த நேரம், ரொறன்ரோவிலிருந்து கடை அண்ணை தொலைபேசியில் வந்தார். அவர் மெதுவாகப் பேசுபவர் இல்லை. எட்டத்தில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"மாஸ்டர், நல்ல செய்தி. விழா மலர் அச்சுக்குப் போட்டுது. உங்களுக்கு முழுப்பக்கம். சிகரம் தொட்ட எங்கள் ஆசான் எண்டு தலைப்பு. பேப்பரிலயும் குடுத்திட்டன்."

பழைய மாணவர் சங்கத்தின் கலைவிழா நாங்கள் திரும்பிய கையோடு வரும் சனிக்கிழமை. அச்சகத்துக்காரர் காத்திருக்க மாட்டார். இலவசத் தமிழ்ப் பத்திரிகையும் வெள்ளிக்கிழமைக்கு முன்னரே விளம்பரத்தைக் கேட்கும். அதனால் கடை அண்ணை, நடக்கப் போவதை நடந்ததாகவே போட்டுவிட்டார். வேறு யாரும் இப்படிச் செய்வார்களோ தெரியாது. நாங்கள் செய்வோம். பிள்ளை சோதனை எழுத முன்னரே டொக்டர் என்று கூப்பிடத் தொடங்குகிற ஆட்கள் நாங்கள். அத்தான் "சரி, சரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு எழும்பிப் போய், தன்னுடைய சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்துத் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்திலிருந்து அது பார்க்கப் போகும் மலையாக இல்லை, ஏறி முடித்தே ஆகவேண்டிய மலையாகிவிட்டது.

கல்கரித் தம்பியும் கூட வருவதாகத்தான் இருந்தது. விடிய அவருக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. எங்களைப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே ஒரு பலகையில் வரைபடமும், கரடி இருக்கிறது, சத்தம் போட்டுக்கொண்டு நடவுங்கள் என்ற அறிவிப்பும் இருந்தன. அக்கா இதை முதலே கேள்விப்பட்டிருந்தாள். கடைகளில் விற்கும் கரடி மணியைப் பற்றி அவளுக்குத் தெரியாது, ஆகவே சாமித்தட்டில் இருந்த பூசை மணியைத் துணியில் சுற்றித் தந்துவிட்டிருந்தாள். அத்தான் அதை முதுகுப் பையில் கயிற்றால் கட்டினார். அவர் நடக்க நடக்க அது கணீர் கணீர் என்று அடித்தது. எங்களைக் கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னுடைய பஞ்சாபிச் சட்டை, தட்டைவடையும் கட்டுச்சோறும் மணக்கும் பை, அத்தானின் இடுப்புப் பட்டி, எல்லாவற்றுக்கும் கூச்சப்பட்டேன். யாராவது எதிரே வந்தால் நான் இரண்டடி பின்னுக்கு நின்று, வேறு ஆட்களைப் போல மரத்தைப் பார்ப்பேன்.

ஆனால் காடு முடிந்த இடத்தில் அத்தான் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியாது. மரங்கள் குட்டையாகி, வளைந்து, ஒரு கோட்டோடு நின்றுவிட்டன. அதற்கு மேல் ஒரு மரமும் இல்லை. அவர் கடைசி மரத்தைக் கையால் தொட்டார். உள்ளங்கையால் அதன் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "உண்மையாத்தான் இருக்குது," என்றார். இருபது வருடத்துக்கு மேலாகத் தான் சொல்லிக்கொடுத்தது பொய்யில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறுதியானது போலிருந்தது.

கல்லுச் சரிவில் ஏறியது பெரும் பாடு. ஓடுகளை உடைத்துக் கொட்டியது போலக் கற்கள். காலை வைத்தால் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு கீழே வரும். மேலே, வானத்தை முட்டிக்கொண்டு ஒரு கற்குவியல் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை, வெறும் நீலம். அத்தான் கையும் காலுமாக ஏறினார். படிக்கட்டில் அரிசி சுமந்த கால்கள் அவரைக் கைவிடவில்லை. கற்குவியலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் சத்தமாகச் சிரித்தார். பையைக் கழற்றி, மணியைக் கையில் எடுத்து, கோயிலில் போல அடித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் மறுபக்கம் திரும்பினார்.

நாங்கள் நின்றது உச்சி இல்லை. கீழேயிருந்து பார்க்கும்போது உண்மையான உச்சியை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு தோள் அது. எங்களுக்கு முன்னால் நிலம் கொஞ்சம் இறங்கி, ஒரு மெல்லிய கல் முகடாகப் போனது. இரண்டு பக்கமும் பள்ளம், ஒரு பக்கத்தின் அடியில் அழுக்குப் பனி. முகடு மெல்ல மெல்ல ஏறிப் போய் முடிகிற இடத்தில் கறுப்பாக, பெரிதாக நின்றது உச்சி. வரைபடத்தில் கோடுகள் நெருங்கியிருந்த இடத்தைச் சரிவு என்று மட்டும்தான் அவர் படித்திருந்தார், அந்த நெருக்கத்துக்குள்ளே இப்படி ஒரு தோள் ஒளிந்திருந்ததை அவர் பிடிக்கவில்லை. அத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதைத்தான் நான் ஒரே இழுவையில கீறினனான்," என்றார்.

பையை மாட்டிக்கொண்டு முகட்டில் கால் வைத்தார். சில எட்டு நடந்தார். பிறகு குனிந்தார். பிறகு தவழ்ந்தார். பிறகு அசையாமல் அப்படியே கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். முதலில் அவர் ஓய்வெடுப்பதாக நினைத்தேன். அப்போது மணி கேட்டது. காற்று அந்நேரம் ஓய்ந்திருந்தது, அவரும் அசையவில்லை, ஆனால் முதுகில் கட்டிய மணி கிணுகிணு என்று விடாமல் அடித்தது. அவருடைய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். தலையைத் திருப்பவில்லை. முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது.

உச்சியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அக்காவைவிட மூத்தவர்கள், நரைத்த தலை, கையில் ஊன்றுதடி. கடைத்தெருவில் நடப்பது போலக் கதைத்துக்கொண்டு அந்த முகட்டில் வந்தார்கள். முன்னால் வந்தவர் அத்தானுக்கு முன்னால் குந்தி இருந்து, எங்கிருந்து வருகிறீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தார். கதைத்தபடியே அவருடைய ஒரு கையைக் கல்லிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்தார். மற்றவர் பின்னுக்கு வந்து அவருடைய காலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தார். அப்படியே மெல்ல மெல்ல அவரைக் கற்குவியல் மட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊரில் பெண் ஆசிரியர்களோடுகூட நேரே முகம் பார்த்துப் பேசாத மனிதர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிள்ளை போலப் பற்றிக்கொண்டு வந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கத்தில் என் காது எரிந்தது. அவருக்காகப் பட்ட வெட்கமா, அவரோடு வந்ததற்காகப் பட்ட வெட்கமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண்கள் தோடம்பழம் உரித்துத் தந்தார்கள். இந்த இடத்தில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வெட்கம் என்ற அந்தச் சொல்லை அவர்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் கமராவைக் கேட்டு வாங்கி, அத்தானைக் கற்குவியலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் படம்தான் அது. நான் மணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில், படத்துக்கு வெளியே நின்றேன்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உமக்குப் பயமில்லை. நான் கண்டனான். நீர் போய்ப் பாத்திட்டு வாரும், நான் இதில இருக்கிறன்."

அது உண்மை. எனக்குப் பயம் இருக்கவில்லை. அந்த முகட்டைப் பார்க்கப் பார்க்க என்னுடைய கால் தானாகவே போகப் பார்த்தது. ஆனால் நான் போனால் என்ன ஆகும்? அச்சடித்த மலரில் மாஸ்டர், மலையில் மச்சாள். "எனக்கும் ஏலாது அத்தான்," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபோது பட்ட வெட்கத்தைவிட என்னுடைய அந்தப் பொய்தான் அவரைக் கூடுதலாகச் சுட்டது என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். கடை அண்ணைக்குத் திரும்பும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்திலிருந்து அழைத்தும் சொன்னார். பகிடி விடாதேங்கோ மாஸ்டர் என்று அவர் சிரித்துவிட்டு, மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார். "மேடையில வைச்சுச் சொல்லுவன்," என்று அத்தான் வானுக்குள் ஏறி இருந்து சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாது. அக்கா அவருடைய தோளில் கை வைத்தாள்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாசலில் மலர் கொடுத்தார்கள். முழுப்பக்கத்தில் அத்தானின் பழைய பாஸ்போட் படம், அதற்குப் பின்னால் யாரோ சுவிஸ் நாட்டு நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு மலை. நாங்கள் போனதும் எல்லோரும் எழும்பிக் கை கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஒரு சுற்றும் சுற்றாமல் சொன்னார்.

"நான் உச்சிக்குப் போகேல்லை. முகட்டில சில எட்டோட திரும்பி வந்திட்டன்."

உடனே நிகழ்ச்சியை நடத்தியவர் மற்ற ஒலிவாங்கியில் வந்தார். "பாத்தியளோ? இதைத்தான் தன்னடக்கம் எண்டுறது." கைதட்டல் எழும்பியது. அத்தான் கையை உயர்த்தி மறித்தார். பயந்துவிட்டேன் என்றார். தவழ்ந்தேன் என்றார். ஒரு வயதான பெண் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள் என்றார். பூசை மணி அடித்ததைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. வகுப்பிலும் மாஸ்டர் இப்படித்தான் பகிடியாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எனக்கு முன்னால் இருந்த ஒருவர் மனைவியிடம் சொன்னார். கடைசியில் அத்தான் என்னைக் கைகாட்டினார், மச்சாளைக் கேளுங்கள் என்றார். யாரோ ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து நீட்டினார்கள். ஓம், போகவில்லை என்று சொன்னேன். வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று கடை அண்ணை கத்த, மண்டபமே எழும்பி நின்று கை தட்டியது. அத்தான் பொன்னாடைக்குள்ளே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கத்தோடு ஒரு மனிதர் நின்றதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. கீழே சபைக்குள் அதே வெட்கத்தோடு நானும் நின்றேன். சபையில் இருந்தவர்களோ எங்கள் மேல் அன்பைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியது அத்தான்தான். பெருமைக்கு இல்லை. வருகிறவர்களை அதற்கு முன்னால் கூட்டிப் போய், நான் நிற்கிறது இது, உச்சி அது என்று விரலால் காட்டுவதற்காக மாட்டினார். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "உது வேற மலையெல்லோ மாஸ்டர்" என்பார்கள். தட்டை நிலத்தில் பிறந்த கண்களுக்கு ஒரே மலைக்கு இரண்டு தலை இருக்கும் என்று பிடிபடவில்லை. வருடக்கணக்காகக் காட்டினார். பிறகு ஒருநாள், மகனுக்குப் பெண் பேசி வந்த சம்பந்தி வீட்டார் படத்தைப் பார்த்து, எவ்வளவு உயரம் என்று வியந்தபோது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். எங்கள் கண்கள் சந்தித்தன, இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் கொண்டாட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். முழங்கால் நோகிறது என்று அக்காவின் வருத்தத்தைத் தன்னுடையதாகச் சொன்னார்.

போன பனிக்காலத்தில் அத்தான் போய்விட்டார். மகன் இப்போது பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறான், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க அந்தப் படத்தைத்தான் தெரிந்தெடுத்தான். அப்பாவின் நல்ல படம் அதுதான் என்றான். அக்கா வீட்டு மேசையில் கணினியைத் திறந்து எனக்குக் காட்டினான். அத்தான் நின்றார், கற்குவியல் நின்றது, பின்னால் சுத்தமான நீல வானம். கறுப்பு முக்கோணத்தைக் காணவில்லை.

"கிளீனா இருக்கு, என்ன சின்னம்மா? தலையில இருந்து ஏதோ முளைச்ச மாதிரி இருந்தது. எடுத்திட்டன்."

இவ்வளவு காலத்துக்குப் பிறகு அத்தானை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான், அவர் பெற்ற பிள்ளையே. நான் அவனுக்குச் சொன்னேன். தோள், முகடு, மணி, அந்தப் பெண்ணின் கை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். "அப்பா சின்னனில எனக்கும் சொன்னவர்," என்றான். "நான் ஜோக் எண்டு நினைச்சன்." பிறகு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். கறுப்பு திரும்பி வந்தது.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் நிறையச் சனம். கடை அண்ணைக்கு இப்போது நடப்பதற்கு, கையால் பிடித்துத் தள்ளும் சில்லுப் பிடி வேண்டும். ஆனாலும் எழும்பி இரங்கலுரை சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. சிகரம் தொட்ட எங்கள் ஆசான் என்று முடித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு மகன் எழும்பினான். தமிழில் பேசுவது அவனுக்குச் சிரமம். சொற்களைத் தேடித் தேடிப் பேசினான்.

"அப்பா ரொப்புக்கு... உச்சிக்குப் போகேல்லை. பயந்திட்டார். ஒரு லேடி கையைப் பிடிச்சு இறக்கினவ. அப்பா உங்கள் எல்லாருக்கும் அதைச் சொன்னவர்."

அவ்வளவுதான் சொன்னான். போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கடை அண்ணை தன்னுடைய சில்லுப் பிடியைத் தள்ளிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அத்தானைப் பார்க்கவில்லை, அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தங்கச்சி, அப்ப உதுதானோ?"

"ஓம் அண்ணை. உதுதான்."

அவர் விரலை அத்தானின் தோளில் வைத்து, அங்கிருந்து முகட்டு வழியே மேலே இழுத்தார், பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே இழுவை. பாதியில் நிறுத்தினார்.

"எவ்விடம் மட்டும் போனவர்?"

நான் அவருடைய விரலைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, தோளுக்குச் சற்று அப்பால் வைத்தேன். ஒரு நகத்தின் அகலம்கூட இல்லை.

"சொன்னவர்தானே," என்றார் கடை அண்ணை, எனக்கு மட்டும் கேட்கும்படியாக. "மேடையில நிண்டு சொன்னவர்தானே."

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.